வால்யூம் திருகு யார் கையில்? இரைச்சல் இசையில் அரங்கும் பதிவும்



இசை குறித்த பொழிவு என்றால் ராகம், தாளம், சாகித்தியம் என்று போகும் என எதிர்பார்ப்பது இயல்பு. இன்றைய பொருளில் அவற்றுக்கு வேலை இல்லை. ஆம்ப்ளிஃபயரின் ஊளை, தகரத்தை உரசும் ஓசை, இரண்டு ரேடியோ நிலையங்களுக்கு நடுவே கேட்கும் கரகரப்பு ஆகியவற்றையே சரக்காகக் கொண்ட இசை இது. ‘நாய்ஸ்’ என்று அறியப்படும் இந்த இரைச்சல் இசைக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. ஒசாகா, டோக்கியோ, பெர்லின், நியூயார்க் போன்ற நகரங்களில் இதை நடத்தும் சின்னச் சின்ன அரங்குகள் இருக்கின்றன. காசெட்டும் இசைத்தட்டும் தேடித் தேடிச் சேர்க்கும் ரசிகர்களும் இருக்கிறார்கள்.

அந்த ரசிகர்களிடையே தீராத வழக்கு ஒன்று உண்டு. நேரில் நின்று கேட்டால்தான் இந்த இசைக்கு உயிர், பதிவு என்பது பிழிந்தெடுத்த சக்கை என்பது ஒரு கட்சி. அரங்கில் காதடைப்பதுதான் மிச்சம், நுணுக்கமெல்லாம் பதிவில்தான் தெரியும் என்பது மற்றொரு கட்சி. இரு கட்சியாரும் ஒன்றை ஒப்புக்கொண்டே வாதாடுகிறார்கள்: நிகழ்ச்சி மூலம், பதிவு அதன் நகல், நகல் எவ்வளவு தேறும் என்பதே பிரச்சினை. இந்தப் பொழிவு அந்த அடிப்படையையே கேள்விக்கு உட்படுத்துகிறது.

ஓர் ஓசையை இரைச்சல் என்று எப்போது சொல்கிறோம்? பக்கத்து வீட்டில் ஓடும் டிரில்லிங் மெஷின் இரைச்சல். அதே மெஷினை நம் சுவரில் நாமே பிடித்து ஓட்டும்போது அது வேலை. ஓசை ஒன்றுதான், நிறுத்தும் பொத்தான் யாரிடம் இருக்கிறது என்பதில்தான் வேறுபாடு. அரங்கில் வால்யூம் திருகு கலைஞரின் கையில். வீட்டில் அது கேட்பவரின் கையில். மற்ற இசைகளுக்கு இது வசதி குறித்த சங்கதி. இரைச்சல் இசைக்கோ இது உயிர்நிலை. அதனால்தான் ஒரே கலைஞரின் அரங்கும் பதிவும் இரண்டு தனித்தனிப் படைப்புகளாகிவிடுகின்றன. அந்தத் திருகு நூறாண்டுகளில் எந்தெந்தக் கைகளுக்கு மாறியது என்பதே இனி வருவது.

1. மிலானில் எஞ்சியது

இத்தாலிய ஓவியர் லூயிஜி ருஸ்ஸோலோ 1913 மார்ச் 11 எனத் தேதியிட்டு ‘இரைச்சல்களின் கலை’ என்ற அறிக்கையை எழுதினார். ஆலையும் ரயிலும் டிராமும் பழகிய காதுக்கு ஆர்க்கெஸ்ட்ராவின் ஒலி வகைகள் போதாது என்பது அவர் வாதம். எழுதியதோடு நிற்காமல் ‘இன்டோனாருமோரி’ என்ற கருவிகளைச் செய்யத் தொடங்கினார். ஒரு மரப்பெட்டி, அதன் முன்புறம் கூம்பு, பின்புறம் சுற்றும் கைப்பிடி. கைப்பிடியைச் சுற்றினால் உள்ளே ஒரு சக்கரம் தந்தியை உரசும்; மேலே உள்ள நெம்புகோலை நகர்த்தினால் தந்தியின் இறுக்கம் மாறி ஓசை ஏறும், இறங்கும். ஊளையிடுவது, வெடிப்பது, கொப்பளிப்பது, சீறுவது, ரீங்கரிப்பது என்று குடும்பம் குடும்பமாகப் பெட்டிகள் உருவாயின.

1914 ஏப்ரல் 21 அன்று மிலானின் டால் வெர்மே அரங்கில் நிகழ்ச்சி. கூட்டம் ஆரம்பத்திலிருந்தே கத்தியது. ருஸ்ஸோலோ சார்ந்திருந்த ஃப்யூச்சரிஸ்ட் கலை இயக்கத்தின் தோழர்கள் இறங்கிப் போய் ரசிகர்களோடு கைகலந்தார்கள். அவர் பாட்டுக்கு மேடையில் கருவிகளை நடத்திக்கொண்டிருந்தார். கலைஞரிடம் இருந்த திருகைப் பிடுங்க ரசிகர்கள் தங்கள் தொண்டையைப் பயன்படுத்திய இரவு அது.

இனி பதிவுக்கு வருவோம். அந்தக் கருவிகள் இரண்டாம் உலகப் போர்க் காலத்தோடு தொலைந்துபோயின. அவற்றின் ஒலி நமக்குக் கிடைப்பது 1921-இல் ருஸ்ஸோலோவின் அண்ணன் அந்தோனியோ வெளியிட்ட ஓர் இசைத்தட்டில்தான். ‘கொராலே’, ‘செரெனாத்தா’ என்று இரண்டு சிறு உருப்படிகள். இரண்டிலும் வழக்கமான ஆர்க்கெஸ்ட்ரா முன்னால் இனிமையாக வாசிக்க, இரைச்சல் பெட்டிகள் பின்னால் எங்கோ உறுமுகின்றன. மைக் புழக்கத்துக்கு வராத காலம். பதிவுக் கருவியின் கூம்புக்குள் போன ஒலியின் அழுத்தமே ஊசியை அசைத்து மெழுகில் கீறியது. மிகத் தாழ்ந்த ஒலியும் மிக உயர்ந்த ஒலியும் அந்தக் கூம்புக்குள் ஏறவே ஏறாது. இரைச்சலின் பலம் அந்த இரண்டு ஓரங்களிலும்தான் இருக்கிறது. அடிதடி வரைக்கும் போன ஓர் இசையின் பதிவு, பின்னணியில் யாரோ மேசை நகர்த்துவதுபோல் சாதுவாக ஒலிப்பதற்குக் காரணம் இதுவே. 2009-இல் நியூயார்க்கின் பெர்ஃபார்மா விழாவுக்காக லூச்சானோ கெஸ்ஸா அந்தக் கருவிகளை மறுபடி செய்தபோது, அவருக்குப் பழைய ஆவணங்களும் படங்களும் துணைநின்ற அளவுக்கு அந்த இசைத்தட்டு துணைநிற்கவில்லை.

2. அறையும் வாசிக்கும்

அரங்கில் என்னதான் நடக்கிறது? முதலில் மேசையைப் பார்ப்போம். இரைச்சல் கலைஞரின் மேசையில் பெரும்பாலும் விலை உயர்ந்தது எதுவும் இருக்காது. ஒரு சிறு மிக்ஸர். ஐந்தாறு கிட்டார் எஃபெக்ட் பெடல்கள், ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பின்னிக் கிடக்கும் வயர்கள். ஒரு தகர டப்பா, அதன் மேல் இழுத்துக் கட்டிய ஸ்பிரிங்குகள், அடியில் ஒட்டிய காண்டாக்ட் மைக். ஸ்பிரிங்கை நகத்தால் சுண்டினால் வெறுங்காதுக்கு ‘டிங்’ என்று மெலிதாகக் கேட்கும். அதுவே நான்கு டிஸ்டார்ஷன் பெடல்களைக் கடந்து ஸ்பீக்கருக்கு வரும்போது கட்டடம் சரிவதுபோல் இருக்கும். இன்னொரு வழியும் உண்டு. மிக்ஸரின் வெளியீட்டு வயரை அதன் உள்ளீட்டிலேயே செருகிவிட்டால், வெளியிலிருந்து எந்த ஒலியும் வராமலேயே அது தன்பாட்டுக்குக் கத்தத் தொடங்கும். ஜப்பானின் தோஷிமாரு நகாமுரா இந்த ஒரே உத்தியைக் கொண்டு முழு வாழ்க்கைக்கான இசையை உருவாக்கியிருக்கிறார்.

ஃபீட்பேக் என்பது நமக்குப் புதிதல்ல. கல்யாண வீட்டிலும் கட்சிக் கூட்டத்திலும் மைக் செட் திடீரென்று ‘கீ’ என்று கத்துவது அதுதான். ஸ்பீக்கரில் வந்த ஒலி மைக்குக்குள் புகுந்து, பெருகி, மறுபடி ஸ்பீக்கருக்கு வருகிறது. எந்தச் சுருதியில் கத்தும் என்பதை மைக்குக்கும் ஸ்பீக்கருக்கும் உள்ள தூரமும், சுவர்களும், உள்ளே இருக்கும் கூட்டமும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. கலைஞர் ஓர் அடி நகர்ந்தால் சுருதி மாறும். ஆகவே அரங்கில் அறையும் ஒரு வாத்தியம்.

தாழ்ந்த ஒலிகளில் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்கிறது. 40 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை ஏறத்தாழ எட்டரை மீட்டர் நீளம். எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே அதில் பாதி தூரமுள்ள ஓர் அறையில் அந்த அலை நின்று நிலைகொள்ளும்: சுவரோரத்தில் நெஞ்சை அமுக்கும், நடுவில் ஏறக்குறைய மறைந்துவிடும். இசையமைப்பாளர் லா மான்டே யங்கும் கலைஞர் மரியான் ஸஸீலாவும் நியூயார்க்கின் சர்ச் தெருவில் 1993 முதல் நடத்திவந்த ‘ட்ரீம் ஹவுஸ்’ இந்த உண்மையின் மேல் கட்டப்பட்டது. ஸ்பீக்கர்களிலிருந்து மாறாத ஒலிகள் வந்துகொண்டே இருக்கும். கேட்பவர் தலையை லேசாகத் திருப்பினால் போதும், வேறு சுரங்கள் கேட்கும். அசையாமல் நின்றால் இசையும் நின்றுவிட்டதுபோல் இருக்கும். அங்கே திருகு கேட்பவரின் கழுத்தில் இருக்கிறது என்று சொல்லலாம். இதை இரண்டு மைக் வைத்துப் பதிந்தால் கிடைப்பது அந்த இரண்டு புள்ளிகளின் ஒலி மட்டுமே.

அமெரிக்க இசையமைப்பாளர் மேரியன் அமாகர் இன்னும் ஒரு படி உள்ளே போனார். குறிப்பிட்ட சுரச் சேர்க்கைகளைப் போதிய உரப்பில் ஒலிக்கவிட்டால், உட்காதே புதிய ஒலிகளை உண்டாக்கும். காது ஒலியை வாங்குவதோடு வெளியிடவும் செய்கிறது என்பதை ஆய்வாளர் டேவிட் கெம்ப் 1978-இல் அளந்து காட்டியிருந்தார். அமாகரின் இசையில் ஒரு பகுதி ஸ்பீக்கரில் இல்லை, கேட்பவரின் தலைக்குள் நிகழ்கிறது. கட்டடங்களின் அமைப்புக்கென்றே படைப்புகளை வடித்த அவர், பதிவு என்றாலே தயங்கினார். 1999-இல் ஸாடிக் நிறுவனத்துக்காக ஒரு குறுந்தகடு வெளியிட்டபோதும் அது ஹெட்ஃபோனுக்கானது அல்ல, ஸ்பீக்கரில் உரக்கக் கேட்க வேண்டியது என்பதை வலியுறுத்தினார்.

இத்தனைக்கும் காது கொடுக்கும் ஒரு விலை இருக்கிறது. பணியிடங்களுக்கான அமெரிக்கப் பரிந்துரைப்படி 85 டெசிபெல் ஒலியில் எட்டு மணி நேரம் இருக்கலாம். மூன்று மூன்று டெசிபெல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகும். 100 டெசிபெல்லை எட்டும்போது மிஞ்சுவது கால் மணி நேரம். உலக சுகாதார நிறுவனம் 2022-இல் இசை அரங்குகளுக்கான தர விதிகளை வெளியிட்டு, 15 நிமிடச் சராசரி 100 டெசிபெல்லைத் தாண்டக் கூடாது, இயர்பிளக்கும் அமைதியான ஓர் ஒதுக்கிடமும் தர வேண்டும் என்றது. இரைச்சல் ரசிகர் பலர் இயர்பிளக்கோடுதான் போகிறார்கள். அதிலும் ஒரு வேடிக்கை: சாதாரணப் பஞ்சு இயர்பிளக் உயர்ந்த ஒலிகளை அதிகமாகவும் தாழ்ந்த ஒலிகளைக் குறைவாகவும் தடுக்கும். ஆகவே ஒரே அரங்கில் இயர்பிளக் அணிந்தவர் விலாவில் உறுமும் ஓர் இசையைக் கேட்கிறார்; அணியாதவர் பல்லைக் கூசவைக்கும் வேறோர் இசையைக் கேட்கிறார்.

3. காபிக் கடையில் பிறந்த இசை

இதுவரை சொன்னது அரங்குக் கட்சிக்குச் சாதகமானது. அடுத்து ஜப்பானுக்குப் போனால் வாதம் தலைகீழாகும்.

ஜப்பானிய நகரங்களில் இசைத்தட்டு கேட்பதற்காகவே நடக்கும் காபிக் கடைகள் உண்டு, ‘கிஸ்ஸா’ என்பார்கள். வெளிநாட்டு இசைத்தட்டு விலை உயர்ந்ததாக இருந்த நாளில், ஒரு காபி வாங்கிக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்து கேட்கும் இடம். 1970-களின் கடைசியில் கியோட்டோவில் ‘டிரக்ஸ்டோர்’ என்றொரு கிஸ்ஸா இருந்தது. ஜெர்மன் ராக், ஃப்ரீ ஜாஸ், எங்கிருந்தோ வந்த எலக்ட்ரானிக் சோதனைகள் என்று கிடைப்பதற்கரிய தட்டுகளையெல்லாம் அங்கே போட்டார்கள். மேடையில் இந்த இசைக்காரர்களைப் பார்க்கும் வாய்ப்பு இல்லாத இளைஞர்கள், தட்டில் கேட்ட ஒலியை மட்டும் வைத்துக்கொண்டு தங்கள் இசையைச் செய்யத் தொடங்கினார்கள். ஜோஜோ ஹிரோஷிகே 1979-இல் தொடங்கிய ‘ஹிஜோகைதான்’ குழு அந்த வட்டத்திலிருந்து வந்ததே. ஜப்பானிய இரைச்சலின் கருவறை ஸ்பீக்கர் வைத்த ஒரு காபிக் கடை.

அதே 1979-இல் டோக்கியோவில் மசாமி அகிதா ‘மெர்ஸ்போ’ என்ற பெயரில் இறங்கினார். அந்தப் பெயர் ஜெர்மன் கலைஞர் கூர்ட் ஷ்விட்டர்ஸ் வேண்டாத பொருள்களைக் கொண்டு எழுப்பிய ‘மெர்ஸ்பௌ’விலிருந்து வந்தது. தொடக்கத்தில் மெர்ஸ்போவுக்கு மேடையைவிடத் தபால்பெட்டிதான் முக்கியம். வீட்டில் காசெட்டில் பதிந்து, ஜெராக்ஸ் எடுத்த படத்தொகுப்புகளை உறையாகச் சுற்றி, தன் ‘லோயஸ்ட் மியூசிக் அண்ட் ஆர்ட்ஸ்’ முத்திரையில் உலகெங்கும் உள்ள தன்னொத்த ஆட்களுக்கு அனுப்பினார். 1988-இல் சோவியத் நாட்டின் கபரோவ்ஸ்க் நகரில் வாசித்த நிகழ்ச்சி அவரது தொடக்ககால வெளிநாட்டு மேடை. அதுவும் இசைத்தட்டாக வந்தது. 2000-இல் ஆஸ்திரேலியாவின் ‘எக்ஸ்ட்ரீம்’ நிறுவனம் அவரது பதிவுகளை 50 குறுந்தகடுகள் கொண்ட ‘மெர்ஸ்பாக்ஸ்’ எனத் தொகுத்தது.

இந்தப் பதிவுகளில் பல எப்படிச் செய்யப்பட்டவை என்று பார்த்தால் மூலம்-நகல் என்ற பேச்சு நிற்காது. மிக்ஸரிலிருந்து வயர் நேராகப் பதிவுக் கருவிக்குப் போகிறது. நடுவில் மைக் இல்லை, அறை இல்லை, காற்றே இல்லை. அந்த ஒலி முதன்முதலாகக் காற்றில் பரவுவது அதை வாங்கியவரின் ஸ்பீக்கரில்தான். நகல் என்று சொல்ல அங்கே மூல நிகழ்ச்சி என்று ஒன்று நடக்கவே இல்லை.

இசையியல் ஆய்வாளர் டேவிட் நோவாக் ‘ஜாப்பனாய்ஸ்’ என்ற 2013-ஆம் ஆண்டு நூலில் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். அரங்கின் உயிர்ப்புக்கு எதிரே பதிவின் உயிரற்ற தன்மையை ஒரு குறையாகப் பார்க்காமல், அதையே ஒரு தனி அழகியலாக அவர் காண்கிறார். ரசிகர்கள் கூட்டத்தோடு நின்று கேட்கும் நேரத்தைவிடத் தனியே அறையில் கேட்கும் நேரமே அதிகம். இடமோ கூட்டமோ கைதட்டலோ இல்லாத, முகத்துக்கு நேரே வந்து நிற்கும் அந்த ஒலிப்பரப்பில்தான் அவர்கள் இந்த இசைக்குப் பழகுகிறார்கள். அப்படிப் பழகியவர்கள்தான் பிறகு ஒசாகாவின் ‘பேர்ஸ்’ போன்ற சின்னஞ்சிறு லைவ் ஹவுஸ்களுக்கு வருகிறார்கள்.

வந்தால் அங்கே என்ன காண்பார்கள்? ‘இன்கபாசிட்டன்ட்ஸ்’ இரட்டையரை எடுத்துக்கொள்ளலாம். தோஷிஜி மிகாவா வங்கியில் வேலை பார்த்தவர். ஃபூமியோ கொசகாய் அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவர். மேசை முழுக்கப் பெடல்கள். ஓசை ஏற ஏற இருவர் உடலும் உதறும். விரல்கள் திருகின் மேல் நிற்காமல் நடுங்கும். சட்டை நனைந்து ஒட்டும். முன்வரிசை ரசிகர்கள் ஸ்பீக்கரை நோக்கிக் கையை நீட்டி, அதே நடுக்கத்தைத் தங்கள் உடம்பில் வாங்கிக்கொண்டு நிற்பார்கள். அந்த உடல்கள் எதுவும் அவர்களின் குறுந்தகட்டில் இல்லை. குறுந்தகட்டில் உள்ள அடுக்கடுக்கான கீச்சொலிகளும், அவை ஒன்றை ஒன்று விழுங்கும் விதமும் அரங்கில் பெரும்பாலும் கேட்பதில்லை.

4. திருகைப் பிடுங்கும் உத்திகள்

வீட்டில் கேட்பவர் வால்யூமைக் குறைத்தால் என்ன ஆகும்? எல்லாம் சமமாகக் குறையும் என்று நினைப்போம். ஒலியியல் ஆய்வாளர்கள் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-இல் வெளியிட்ட அளவீடுகள் வேறு மாதிரி சொல்கின்றன: உரப்பு குறையும்போது மனிதக் காதுக்குத் தாழ்ந்த ஒலிகள்தான் முதலில் மங்கும். மெல்ல வைத்த இரைச்சலில் உறுமல் போய்ச் சீறல் மட்டும் மிஞ்சும். திருகைத் தொட்டவர் இசையமைப்பையே திருத்துகிறார் என்றாகிறது. இதைப் புரிந்துகொண்ட பதிவுக் கலைஞர்கள் அந்தத் திருகைக் கேட்பவரிடமிருந்து பிடுங்க வழி தேடினார்கள். அவர்களில் பெரும் பெயர் அமெரிக்க ராக் பாடகர் லூ ரீட்.

‘வாக் ஆன் தி வைல்ட் சைட்’ பாடிப் புகழின் உச்சியில் இருந்த ரீட், 1975 ஜூலையில் ஆர்சிஏ நிறுவனத்தின் வழியாக ‘மெட்டல் மெஷின் மியூசிக்’ என்ற இரட்டை எல்பியை வெளியிட்டார். பாட்டு இல்லை, டிரம் இல்லை. ஆம்ப்ளிஃபயர் முன்னால் சாய்த்துவைத்த கிட்டார்கள் தாமாகவே கத்தும் ஃபீட்பேக். நாடாவின் வேகத்தை மாற்றி மாற்றி அடுக்கிய அடுக்குகள். நான்கு பக்கங்கள், ஒவ்வொன்றும் 16 நிமிடத்தை ஒட்டி. பாட்டை எதிர்பார்த்து வாங்கியவர்கள் கடைக்குத் திரும்ப ஓடினார்கள். கேலிக்கூத்து என்றவர்களும், ரெகார்டு கம்பெனிக்கு விட்ட அறை என்றவர்களும் உண்டு. விமர்சகர் லெஸ்டர் பேங்ஸ் மட்டும் கொண்டாடி எழுதினார்.

நான்காம் பக்கத்தின் கடைசியில்தான் சூட்சுமம் இருக்கிறது. அங்கே பள்ளம் நடு லேபிளை நோக்கி ஓடாமல் தன்னைத்தானே வட்டமாக மூடிக்கொள்கிறது. நிமிடத்துக்கு 33⅓ சுற்றுச் சுழலும் தட்டில் ஒரு சுற்று 1.8 நொடி. அந்த 1.8 நொடி ஓசை, யாராவது எழுந்து வந்து முள்ளைத் தூக்கும்வரை திரும்பத் திரும்ப ஒலிக்கும். அரங்கில் கலைஞர் ஓய்ந்தால் இசை ஓயும். இந்தத் தட்டில் கலைஞருக்கு ஓய்வே கிடையாது. எந்த மேடையிலும் செய்ய முடியாத ஒன்றைப் பதிவு செய்துகாட்டிய இடம் இது. அமெரிக்காவின் லோவல் நகரில் ரான் லெஸ்ஸர்டு நடத்திய ‘ஆர்ஆர்ஆர்’ நிறுவனம் இந்த உத்தியை எல்லைவரை கொண்டுபோய், 1998-இல் ஒரே எல்பியில் 500 கலைஞர்களின் 500 மூடிய பள்ளங்களை வெட்டி வெளியிட்டது. அந்தத் தட்டைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை ‘போட’ முடியாது. கேட்பவர்தான் முள்ளைத் தூக்கித் தூக்கி வைத்து நகர வேண்டும்.

மெர்ஸ்போ வட்டாரத்தில் இன்னொரு கதை சொல்வார்கள். 1994-இல் வந்த ‘நாய்செம்பிரியோ’ தொகுப்பை வெளியிட்ட ஸ்வீடன்காரர், அதற்கு ஒரே ஒரு சிறப்புப் பிரதியை அறிவித்தாராம்: ஒரு பழைய மெர்சிடிஸ் கார். வண்டியைக் கிளப்பினால் குறுந்தகடு ஓடத் தொடங்கும். நிறுத்த வழி கிடையாது. வாங்க ஆள் வரவில்லை, கடைசியில் வண்டியே படுத்துவிட்டது என்று கதை முடிகிறது.

ரீடின் தட்டுக்குத் திரும்புவோம். பெர்லினின் ‘ஸைட்க்ராட்சர்’ குழுவினர் அதை வயலின், செல்லோ, சாக்ஸபோன், அக்கார்டியன், பியானோ போன்ற வாத்தியங்களில் மேடையேற்ற விரும்பினார்கள். சாக்ஸபோன் கலைஞர் உல்ரிஷ் க்ரீகர் தட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டு, ஃபீட்பேக்கின் ஒவ்வொரு இழையையும் சுரக்குறிப்பாக எழுதினார். இதையெல்லாம் எழுத முடியாது என்றிருந்த ரீட், மாதிரிப் பகுதியைக் கேட்டபின் சம்மதித்தார். 2002 மார்ச்சில் பெர்லினில் நிகழ்ச்சி நடந்தபோது அவரே கிட்டாரோடு மேடையேறினார். 27 ஆண்டுகளுக்கு முன் எந்திரங்கள் தாமாகக் கத்தியதை இப்போது மனிதர்கள் வில்லும் மூச்சும் கொண்டு, கை வலிக்க வலிக்க வாசித்தார்கள். இங்கே எது மூலம், எது நகல்? முதலில் பதிவு, பிறகு சுரக்குறிப்பு, பிறகு அரங்கு, பிறகு அந்த அரங்கின் பதிவு 2007-இல் குறுந்தகடாக வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் ரீட் க்ரீகரையும் சேர்த்துக்கொண்டு ‘மெட்டல் மெஷின் ட்ரியோ’ என்ற குழுவோடு ஊர் ஊராக வாசித்தார்.

5. புல்டோசரும் பெட்டிக் காசெட்டும்

பதிவுக்கு எட்டாத இரவுகளும் உண்டு. 1985 ஆகஸ்டில் டோக்கியோவின் ‘சூப்பர்லாஃப்ட்’ அரங்கில் ‘ஹனதராஷ்’ குழுவின் யமத்சுகா ஐ, மண் அள்ளும் எந்திரத்தை ஓட்டிக்கொண்டு கட்டடத்துக்குள் வந்தார். என்ன ஆனாலும் எங்கள் பொறுப்பு என்று ரசிகர்கள் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அந்த நாள் இன்றும் பேசப்படுவது புகைப்படங்களால்: தூசிப் புகைக்கு நடுவே எந்திரம், அதன் மேல் ஓர் இளைஞன். ஒலியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எந்திரம் தங்கள் மேல் விழுந்துவிடுமோ என்ற பயம்தான் அன்றைய இசையின் பெரும்பகுதி. அதை எந்த நாடாவிலும் ஏற்ற முடியாது.

லண்டனின் ஐசிஏ கலை மையத்தில் 1984 ஜனவரி 3 அன்று ‘ஐன்ஷ்டுர்ட்செண்டே நொய்பௌடன்’ என்ற பெர்லின் குழுவினர் சிலரும் நண்பர்களும் ஜாக்ஹேமர், கான்கிரீட் மிக்ஸர், மரமறுக்கும் ரம்பம் ஆகியவற்றோடு ஒரு ‘கன்செர்டோ’ நடத்தினார்கள். மேடையையே துளைக்கத் தொடங்கியதும் நிர்வாகத்தினர் பாதியில் நிறுத்தினர், ரசிகர்கள் கொதித்தெழுந்தார்கள். 2007-இல் ஜோ மிட்செல் என்ற கலைஞர் அதே இடத்தில் அந்த நிகழ்ச்சியை அப்படியே மறுபடி நடத்தினார். நேரில் பார்த்தவர்களின் நினைவு, படங்கள், பத்திரிகைக் குறிப்புகள் ஆகியவற்றைக் கொண்டு யார் எப்போது எந்தக் கருவியை எடுத்தார் என்பதுவரை திரட்டினார். ரசிகர் கலவரமும் அதில் ஒத்திகையோடு இடம்பெற்றது.

இதற்கு நேர் எதிர் லண்டனின் ‘த்ராபிங் கிரிஸில்’. ஒவ்வொரு நிகழ்ச்சியையும் விடாமல் பதிந்த குழு அது. கடிகாரம் பார்த்து ஒரு மணி நேரத்தில் வாசிப்பை முடிப்பார்கள். ஒரு மணி நேரம் ஒரு காசெட்டுக்குச் சரியாக அடங்கும். பின்னர் தங்கள் நிகழ்ச்சிகளை 24 காசெட்டுகளாக்கி, அலுவலக பிரீஃப்கேஸில் அடுக்கி, ‘24 மணி நேரம்’ என்ற பெயரில் விற்றார்கள். காசெட்டின் நீளமே அரங்கின் நீளத்தை நிர்ணயித்தது. கேட்டால் ஒலி மோசம்தான். கூட்டத்தின் பேச்சும் இருமலும் கலந்து கிடக்கும். ஆனால் ஒரே குழு இரவுக்கு இரவு எப்படி மாறியது என்பதை, எந்த ஓர் இரவில் நேரில் இருந்தவரையும்விட அந்தப் பெட்டியை வாங்கியவர் நன்றாக அறிவார்.

6. அண்டை வீட்டாரும் ஆப்பும்

டோக்கியோவின் யோயோகி பகுதியில் 2000 முதல் 2005 வரை ‘ஆஃப் சைட்’ என்ற ஒரு சிறு இடம் இயங்கியது. பழைய வீடு, மெல்லிய சுவர், ஒட்டினாற்போல் அக்கம்பக்கம். உரக்க வாசித்தால் புகார் வரும். ஆகவே அங்கே வாசித்த நகாமுரா, சச்சிகோ எம் போன்றோர் கேட்டும் கேட்காததுமான ஓசைகளுக்கு இறங்கினார்கள். ஒற்றை ஊசிமுனைச் சுரம், ஒரு ‘டிக்’, நீண்ட மௌனம். ரசிகர்கள் நாற்காலி கிறீச்சிடாமல் உட்கார்ந்திருந்தார்கள். வால்யூம் திருகு அங்கே அண்டை வீட்டார் கையில் இருந்தது என்றால் மிகையில்லை. அந்த நிகழ்ச்சிகளின் பதிவை வீட்டில் போட்டு வால்யூமைக் கூட்டினால் தெருவும் அறையின் ரீங்காரமும் மேலெழுந்து வருகின்றன. அரங்கில் யாரும் செய்ய முடியாத பெரிதாக்கல் இது.

இன்று பெரும்பாலானோர் இசை கேட்பது போன் ஆப்களில். அங்கே திருகு மூன்றாம் கைக்குப் போய்விட்டது. ஸ்பாட்டிஃபை போன்ற சேவைகள் எல்லாப் பாடல்களையும் ஏறத்தாழ ஒரே உரப்புக்குக் கொண்டுவருகின்றன. ஸ்பாட்டிஃபையின் இயல்பு அளவு, உரப்பை அளக்கும் ‘லஃப்ஸ்’ அலகில், மைனஸ் 14. மாஸ்டரிங் மேசையில் எவ்வளவு உச்சத்துக்கு ஏற்றி வைத்தாலும் மெர்ஸ்போவின் சத்தம் தாலாட்டுக்குச் சமமாக இறக்கப்படும். எம்பி3 போன்ற சுருக்க முறைகள் இன்னொரு சிக்கல். ஓர் ஒலி இன்னொன்றை மறைக்கும் என்பதைக் கணக்கிட்டு, கேட்காது என்று தோன்றுவதை நீக்குவது அவற்றின் வேலை. ஒழுங்கே இல்லாத இரைச்சலில் எதை நீக்குவது என்று கணக்கு திணறும். குறைந்த பிட்ரேட்டில் சீறல் ஒலி தண்ணீருக்கடியில் கொப்பளிப்பதுபோல் மாறிவிடும். அரங்கில் போனைத் தூக்கிப் பிடித்து எடுக்கும் வீடியோவிலும் இதே கதிதான். உரத்த ஒலி வந்ததும் போன் தானாகவே அளவைக் குறைத்துக்கொள்ளும். கலைஞர் ஏற்ற ஏற்ற அது இறக்கும்.

மாணவர்கள் இதை இன்று மாலையே சோதிக்கலாம். ஆப்பின் அமைப்புகளில் ஒலியளவைச் சமப்படுத்தும் தேர்வு ஒன்று இருக்கும். ‘பல்ஸ் டீமன்’ போன்ற ஒரு மெர்ஸ்போ தொகுப்பையும் பழகிய ஒரு திரைப்பாடலையும் அடுத்தடுத்து, அந்தத் தேர்வு இயங்கும்போது ஒருமுறையும் நிறுத்திவிட்டு ஒருமுறையும் கேட்டுப் பாருங்கள். இரண்டாம் முறைக்கு முன் வால்யூமைப் பாதிக்குக் கீழே இறக்கிக்கொள்ளுங்கள். ஹெட்ஃபோன் வேண்டாம், ஸ்பீக்கரில் போட்டு, அறையின் மூலையிலும் நடுவிலும் நின்று கேளுங்கள். வீட்டில் மற்றவர்கள் இருந்தால் கதவைச் சாத்திக்கொள்வது நல்லது.